மடு மாதா அறிய

வேலிப் படலையைத் திறந்தேன். அடுத்த வீட்டு அந்தோனி அண்ணை நின்றார். இரண்டு கைகளாலும் ஒரு கட்டு ஈர்க்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். இன்னும் சரியாக விடியவில்லை. விளக்குமாறு கட்டத்தான் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இந்த நேரத்தில என்னண்ணை விளக்குமாறு?"

"விளக்குமாறில்லைத் தங்கச்சி." ஈர்க்குக் கட்டை என் முன்னால் நீட்டினார். "இண்டைக்கு ஊருக்குக் குடுக்க வைச்சிருந்த குருத்தோலை."

அன்று குருத்து ஞாயிறு. ஊர்ச்சனம் முழுக்கக் கையில் ஓலை பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி ஊர்வலம் போகும் நாள். பனங்குருத்து வெட்டிக் கொண்டுவரும் பொறுப்பு அந்த வருடம் அந்தோனி அண்ணையுடையது. முதல்நாள் பின்னேரமே வெட்டி, ஈரச் சாக்கால் மூடி, தன் முற்றத்தில் வைத்திருந்தார். விடியும் முன் ஏதோ ஒன்று வந்து, சாக்கை இழுத்து ஒரு பக்கம் போட்டுவிட்டு, பச்சை முழுவதையும் தின்று, ஈர்க்கை மட்டும் அவருக்கென்று விட்டுப் போயிருந்தது.

"உங்கட கறுப்பிதான். கண்ணால கண்டனான்," என்றார். கறுப்பி எங்கள் ஆடு.

முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடு என் கணவர் சூசை உள்ளேயிருந்து வந்தார். விசயத்தைக் கேட்டார். மூச்சுவிடும் நேரம்கூட எடுக்கவில்லை.

"மடு மாதா அறிய, என்ர ஆடு விடியும்வரைக்கும் கட்டின கட்டையிலதான் நிண்டது! உது உந்தக் கழுதையளின்ர வேலை!"

நுரை தெறித்து அந்தோனி அண்ணையின் சட்டையில் விழுந்தது.

மன்னாரில் கழுதைகள் எங்கேயும் போகும், எதையும் தின்னும். ஆனால் அவற்றுக்குச் சொந்தக்காரர் கிடையாது. கழுதை குற்றம் செய்தால் சண்டை பிடிக்க ஆளில்லை. ஆட்டுக்கு ஆள் இருக்கிறது. அதனால் கோபத்தில் இருக்கும் எவருக்கும் கழுதையைவிட ஆட்டைத்தான் பிடிக்கும்.

குந்தியிருந்த மெழுகுதிரி

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நாங்கள் அகதிகளாக இருந்த இந்திய முகாமின் குழாயடிச் சண்டைகளை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு, "எல்லாரையும் எழுதுறாய், என்னை எழுத ஒண்டுமில்லையோ?" என்று கேட்டவர் என் கணவர்தான். கேட்டதற்காக இப்போது வருந்திக்கொண்டிருக்கிறார். நான் நிறுத்தப்போவதில்லை.

சிலர் எதைப் பேசினாலும் "வந்து" என்று தொடங்குவார்கள். சூசைக்கு அந்த இடத்தில், காட்டுக்குள் இருக்கும் மடுக் கோயிலின் மாதா வருவாள். "மடு மாதா அறிய, இண்டைக்கு வெக்கை கூட." "மடு மாதா அறிய, நான் ரெண்டாந்தரம் கறி போடேல்ல." நண்டு வாங்க வருகிறவனிடம், நண்டைப் பார்த்து, மழையைப் பார்த்து, கிரிக்கெட் பார்த்து, எல்லாவற்றுக்கும் மாதா அறிவாள். பொய்யர் என்று சொல்ல வரவில்லை. அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான். மிச்சத்தையும் உண்மை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

நேர்த்தி வைப்பதிலும் அப்படித்தான். நாங்கள் இளம் குடும்பமாக இந்தியாவுக்குப் படகேறியபோது நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. எல்லோரும் செபமாலை சொன்னார்கள். சூசை மட்டும் எழுந்து, "மாதாவே, கரை சேர்த்தால் என்ர உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவன்!" என்று கத்தினார். இயந்திரம் கிளம்பிவிட்டது. அதற்குப் பக்கத்தில் இருந்தவர் எண்ணெய்க் குழாயை ஊதியதும் ஒரு காரணம். ஆனால் நேர்த்தி நேர்த்திதான்.

பல வருடங்கள் கழித்து ஊர் திரும்பி, மடுவில் மெழுகுதிரிக் கடைக்குப் போனோம். சூசை நல்ல உயரம். அந்த உயரத்துக்குக் கடையில் திரி இல்லை. செய்யச் சொன்னால் செய்து தருவோம் என்றார்கள். இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கடை வாசலிலேயே குந்தினார்.

"என்ன செய்யிறியள்?" என்றேன்.

"நான் நிண்ட உயரமெண்டு சொல்லேல்லையே பிலோமி. அந்தப் படகுக்குள்ள எல்லாரும் குந்தித்தான் இருந்தவை."

எழுந்து நின்றுதான் கத்தினார் என்பதை நான் நினைவூட்டினேன். அது காதில் விழவில்லை. குந்தியிருந்த உயரத்துக்கு ஒரு திரி வாங்கி, நிம்மதியாகக் கொளுத்திவிட்டு வந்தார். மாதாவுடன் அவருக்கு இருந்த உறவு அப்படிப்பட்டது. கூடப்பிறந்த தமக்கையிடம் கதைப்பதுபோல் கதைப்பார், தமக்கையை ஏய்ப்பதுபோல் ஏய்ப்பார்.

சுவாமியின் கேள்வி

அந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதுச் சுவாமி வந்திருந்தார். இளம் வயது. பிரசங்கத்துக்கு நிறையப் படித்துக்கொண்டு வருவார். ஒரு ஞாயிறு தெய்வபயத்தைப் பற்றிச் சொன்னார்.

பயத்தில் இரண்டு வகை உண்டாம். அடிமை சாட்டைக்குப் பயப்படுவது ஒன்று. பிள்ளை, தகப்பன் மனம் நோகுமே என்று பயப்படுவது மற்றது. முதலாவது தானாக வரும். இரண்டாவதை நாங்கள்தான் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும் என்றார். எனக்குப் பிடித்திருந்தது. முன்பள்ளி ஆசிரியை என்பதால் எதையும் இரண்டாகப் பிரித்துச் சொன்னால் எனக்குப் பிடிக்கும்.

சனம் தூங்கி விழுவதைக் கண்டு, சுவாமி பீடத்தை விட்டுக் கீழே இறங்கி வந்து கேட்டார்: "சொல்லுங்கோ பாப்பம். நீங்கள் ஆருக்குப் பயப்பிடுறியள்?"

முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் சட்டென்று, "இந்தியாக்காரன்ர இழுவைப் படகுக்கு," என்றார். அதில் வலை அறுந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "சீனி வருத்தக் கிளினிக்குக்கு," என்றது. அதற்கும் நீரிழிவுக்காரர் நிறையப் பேரின் தலைகள் ஆடின. சுவாமி மேலே ஏறிப்போய் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கிவிட்டார்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்களைப் பயப்படுத்துவது இலேசான காரியமில்லை. நான் சிறுமியாக இருந்தபோது மறைக்கல்வி வகுப்பில் ஒரு பெரிய நரகப் படம் தொங்கியது. நெருப்பு, சூலாயுதம், வால் வைத்த பேய்கள் எல்லாம் உண்டு. எரிகிற சனத்துக்குள் ஒருவர் அப்படியே எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரின் சாயல். மொட்டையும் மூக்கும் அச்சு அசல். நாங்கள் பயப்படுவதற்காக மாட்டிய படம் அது. நாங்களோ, அவர் புழுத்த அரிசி நிறுத்துத் தரும்போதெல்லாம், "உனக்கு இடம் ஒதுக்கியாச்சு" என்று மனதுக்குள் சந்தோசப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வேப்பங்கொப்பு ஊர்வலம்

குருத்து ஞாயிறுக்கு வருகிறேன்.

ஓலை இல்லை என்ற செய்தி கோயில் மணிக்கு முன்னமே ஊருக்குள் பரவிவிட்டது. ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதை முறித்துக்கொண்டு வந்தார்கள். வேப்பங்கொப்பு, முருங்கைக்கொப்பு, பூவரசு. பாடகர் குழுத் தலைவி ஒரு முழு வாழையிலையோடு வந்து நின்றார். சிவப்பு உடுப்போடு வாசலில் நின்ற சுவாமி ஒரு தடவை எங்களைப் பார்த்தார், ஒரு தடவை வானத்தைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அந்தோனி அண்ணை கோயில் முற்றத்தின் நடுவில் நின்றார்.

"டேய் சூசை. வாய்க்கு வாய் மடு மாதா எண்டுறாய். வா, மடுவுக்குப் போவம். தாய்க்கு முன்னால முழங்காலில நிண்டு, ஆடு கட்டையில நிண்டதெண்டு சொல்லு. நான் ஒத்துக்கொள்ளுறன்."



எங்கள் பக்கத்தில் இது விளையாட்டில்லை. மடுவில் போய்ச் சத்தியம் பண்ணுவதென்றால் வழக்குக்காரர்களே பின்வாங்குவார்கள். பொய்ச்சத்தியம் பண்ணிவிட்டுக் காட்டுப் பாதையால் திரும்பியவனைப் பாம்பு கடித்த கதை, வாய் கோணிப்போன கதை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். கிறிஸ்தவர் அல்லாதவர்கள்கூட அங்கே நின்று நாக்கைப் புரட்ட மாட்டார்கள்.

சூசையின் முகம் ஒரு கணம் மாறியது. ஆனால் முற்றம் முழுக்கச் சனம்.

"வாறன்! நீயும் என்ர ஆட்டைக் கண்ணால கண்டனான் எண்டு அங்க சத்தியம் பண்ணவேணும்."

"பண்ணுறன்!"

சுவாமி ஓடிவந்தார். "இஞ்ச பாருங்கோ, மாதாவைப் பொலிஸ் ஸ்ரேசன் ஆக்காதேங்கோ. ஓலைதானே? விடுங்கோ." இரண்டு பேருக்கும் அது கேட்கவில்லை.

ஓலைதான். ஆனால் இவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு படகு. ஒருவர் இயந்திரம் பிடித்தால் மற்றவர் வலை இழுக்க வேண்டும். திங்கட்கிழமை படகு கரையில் கிடந்தது. செவ்வாயும் கிடந்தது. நண்டு வலைகள் கடலுக்குள், எடுக்க ஆளில்லாமல்.

அந்தோனி அண்ணையின் மனைவி றீற்றாவும் நானும் முகாமில் ஒரே அறையை ஒரு சேலையால் மறைத்துப் பிரித்து வருடக்கணக்காக வாழ்ந்தவர்கள். அவளுடைய பிள்ளை இருமினால் எனக்குத் தூக்கம் கலையும். அந்த றீற்றா, வேலிக்கு அப்பால் துணி காயப்போடும்போது என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

அதைவிடப் பெரிய கலக்கம் வேறு இருந்தது. சூசையைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. ஆட்டைக் கட்டினனியளோ?"

"மடு மாதா அ..."

"அந்தப் பேச்சை விடுங்கோ. கட்டினனியளோ இல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் கட்டுறனான்தானே."

நான் கேட்டது ஒவ்வொரு நாளையும் அல்ல. எனக்குப் பாம்புப் பயம் இல்லை. இவர் அங்கே போய், வழக்கம்போல் யோசிக்காமல் வாயைத் திறந்து சத்தியம் பண்ணிவிட்டு, தூசி தட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். மெழுகுதிரிக் கதையைச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். இதை விடமுடியாது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு இவர் சொல்லும் எதை நான் நம்புவது?

நசீரின் வேன்

புதன்கிழமை புறப்பட்டோம். ஒருவர் முந்திப் போய் மாதாவிடம் ஏதாவது சொல்லிவைத்துவிடுவாரோ என்று மற்றவருக்குச் சந்தேகம். ஆகவே இரண்டு வீட்டுக்கும் ஒரே வேன். பக்கத்து ஊர் தாராபுரத்து நசீருடையது. சூசை முன் ஆசனத்தில், அந்தோனி அண்ணை கடைசி ஆசனத்தில். நடுவில் நானும் றீற்றாவும், இருவருக்கும் இடையே எங்கள் இரண்டு கைப்பைகளும்.

நசீர் கண்ணாடியால் எங்களை ஒருமுறை பார்த்தார்.

"சத்தியத்துக்குத்தான் போறீங்களோ?"

"ஓம்," என்றார் சூசை.

"அப்ப ஒரு உதவி அண்ணை. எதுவா இருந்தாலும் அங்க போய்ப் பண்ணுங்க. என்ர வேனுக்குள்ள வேணாம். அல்லாஹ் எல்லா இடத்திலயும் கேட்டுக்கொண்டுதான் இருக்கான். டயர் வேற புதுசு."

பாலத்தைக் கடக்கும்போது காற்று வேனை உலுக்கியது. இருபக்கமும் கடல் பளபளத்தது. சூசை பாதையைப் பார்த்தபடி, யாரும் கேட்காமலே, "கட்டினனான்," என்றார். குரலில் நல்ல உறுதி இருந்தது.

உயிலங்குளம் தாண்டியதும், "பின்னேரம் கட்டினனான். புல்லுப் போட்டிட்டுக் கட்டினனான்," என்றார்.

முருங்கன் வயல்கள் வந்தன. அறுவடை முடிந்து காய்ந்த நெல் தாள்.  பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பிலோமி, நான் புல்லுப் போட்டது சனிக்கிழமையோ, வெள்ளிக்கிழமையோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்? சனிக்கிழமை நான் கோயிலில பாட்டுப் பழகிக்கொண்டெல்லோ நிண்டனான்."

பின்னால் அந்தோனி அண்ணைக்கு இருமல் வந்தது. வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிப் புதர்ப் பற்றைக்குள் போனார். வந்தார். மறுபடி கொஞ்சத் தூரம் போனதும் நிறுத்தச் சொன்னார். "அண்ணைக்குச் சீனி வருத்தமோ?" என்று நசீர் கேட்டார். "முந்தி இருக்கேல்ல," என்றாள் றீற்றா. மூன்று நாட்களுக்குப் பிறகு அவள் என் காதுபட வாய் திறந்தது அப்போதுதான்.

மடுச்சந்தியால் திரும்பிக் காட்டுப் பாதையில் ஓடும்போது ஒரு பெரிய உடும்பு குறுக்கே போனது. நசீர் சடக்கென்று பிறேக் பிடித்தார்.

"மாதாவே!" என்றார் சூசை. பின்னாலிருந்தும் அதே சொல், அதே நேரத்தில் கேட்டது. 

முழங்காலில்

நாட்டில் சண்டை நடந்த காலத்தில் மடுக் கோயில் வளவில் ஒரு மரத்தின் கீழ் நாங்கள் அகதிகளாக இருந்திருக்கிறோம். மரத்துக்கு மரம் குடும்பங்கள். எங்கள் மூத்தவளுக்கு அப்போது நடக்கத் தெரியாது. காய்ச்சல் வந்து உடம்பு அனலாகக் கொதித்தது. மருந்து எங்கேயும் இல்லை. சூசை அவளை மடியில் வைத்துக்கொண்டு மாதாவுக்கு முன்னால் போய் இருந்தார். நேர்த்தி வைக்கவில்லை. பேரம் பேசவில்லை. காலையிலிருந்து பொழுதுபடும்வரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் கணவர் பேசாமல் இருந்ததாக எனக்கு நினைவிருக்கும் ஒரே நாள் அதுதான். பிள்ளை பிழைத்தாள். இப்போது அவளுக்கே பிள்ளைகள்.

வேனால் இறங்கியதும் இவர் அந்தப் பக்கத்து மரங்களைத்தான் பார்த்தார்.

திருவிழாக் காலம் இல்லாததால் சனம் குறைவு. குரங்குகள் மதிலில் இருந்து எங்கள் கைப்பைகளைப் படித்துக்கொண்டிருந்தன. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். மெழுகு மணம், தரையின் குளிர்ச்சி. மேலே, சின்னஞ்சிறு உருவமாக, மாதா.

"சொல்லு," என்றார் அந்தோனி அண்ணை. சத்தமாகச் சொல்ல நினைத்திருப்பார். காற்றுத்தான் வந்தது.

சூசை முழங்காலில் நின்றார். வலது கையைத் தூக்கினார்.  "மடு மாதா அறிய" என்று ஆயிரம் வீட்டு வாசலில் சொன்ன வாய். மடு மாதா நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது.  தூக்கிய கையை மற்றக் கையால் பிடித்துக் கீழே இறக்கினார்.

"எனக்குத் தெரியாது, தாயே," என்றார். "கட்டினனான் எண்டுதான் நினைக்கிறன். ஆனா நினைக்கிறது சத்தியமில்லை. உன்னட்டை நான் அப்பிடிச் சொல்லேலாது."

தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய பிடரி வியர்த்திருந்தது. இத்தனை வருடத்தில் எனக்கு அந்த மனிதனை அவ்வளவு பிடித்தது கிடையாது.

அந்தோனி அண்ணை வென்றுவிட்டார். ஆனால் வென்ற முகம் அவருக்கு இல்லை. மெல்ல வாசல் பக்கம் நகரப் பார்த்தார். றீற்றா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வழியை மறித்தாள்.

"எங்க போறியள்? உங்கட சத்தியம்?"

"அவன் பண்ணேல்லைத்தானே. பிறகென்ன?"

"கண்ணால கண்டனான் எண்டு ஊருக்கு முன்னால சொன்னனியள். நில்லுங்கோ முழங்காலில."

நின்றார். கையைத் தூக்கினார். "தாயே, நான் கண்ணால..." என்று தொடங்கினார். தொண்டையைச் செருமினார். "கண்டனான். வாலைக் கண்டனான்."

"வாலையோ?" என்றாள் றீற்றா.

"இருட்டுக்குள்ள வேலியால போகேக்க வால்தான் தெரிஞ்சது. மிச்சத்தைக் கோவத்தில நான்தான் சேர்த்துப்போட்டன்."

"வால் எப்பிடி இருந்தது?"

அவர் நிமிர்ந்து மாதாவைப் பார்த்தார். அந்த முகத்துக்கு முன்னால் அந்த மனிதன் உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார் என்பது அவருடைய நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது.

"தொங்கினது," என்றார்.

ஆடு வளர்த்தவர்கள் நாங்கள் நால்வரும். ஆட்டின் வால் குட்டை, மேலே நிமிர்ந்துதான் நிற்கும். தொங்குவது கழுதையின் வால்.

 என் பக்கத்தில் ஏதோ குலுங்கியது. றீற்றா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றாள், மூச்சுத் திணற. "ஆண்டவரை எருசலேமுக்குச் சுமந்துகொண்டு போனது கழுதைதானே. குருத்து ஞாயிறண்டு குருத்தோலையை அதுக்குக் குடுக்காம நாங்கள் வேற ஆருக்குக் குடுக்கப் பாத்தனாங்கள்?"

அவ்வளவுதான். எனக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் தரையில் இருந்துவிட்டோம். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு கன்னியாஸ்திரி திரும்பிப் பார்த்தார். நாங்கள் அழுகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். அருகில் வந்து, "மாதா எல்லாத்தையும் பாத்துக்கொள்ளுவா," என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். கண்ணீரும் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் சொன்னதிலும் பிழையில்லை.

ஆண்கள் இருவரும் சிரிக்கவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிலேயே நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. நசீர் வாசலில் வந்து எட்டிப் பார்த்து, வாய் கோணாமல் எல்லோரும் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, திரும்பிப் போனார்.

இப்போது

திரும்பி வரும்போது அந்தோனி அண்ணை முன் ஆசனத்துக்குப் பின்னால் வந்து குந்திக்கொண்டு, கடலுக்குள் கிடக்கும் வலையைப் பற்றிக் கதைத்தார். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. மன்னார் வரும்வரை சண்டை பிடித்தார்கள். நானும் றீற்றாவும் கைப்பைகளைக் காலடியில் போட்டுவிட்டு, தோளோடு தோள் சாய்ந்து தூங்கிவிட்டோம்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு சூசை "மடு மாதா" என்று தொடங்கினால் அடுத்த சொல் வருவதில்லை. கடிவாளம் இழுத்ததுபோல் நின்றுவிடுகிறார். பிறகு, "எனக்குத் தெரிஞ்ச அளவில," என்று சொல்கிறார். இதனால் புதிய தொல்லை. நண்டு வாங்குகிறவன், "என்ன அண்ணை, முந்தி மாதா மேல சத்தியம் பண்ணி விப்பியள், இப்ப தெரிஞ்ச அளவில எண்டுறியள், நண்டு பழசோ?" என்று கேட்கிறான். பொய்யும் மெய்யும் கலந்து சொன்ன காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். இப்போது பார்த்துப் பார்த்து உண்மை மட்டும் பேசுகிறார், ஒருவரும் நம்புவதில்லை. வீட்டில் நான் நம்புகிறேன். கறி ரெண்டாந்தரம் போட்டனியளோ என்று கேட்டால், "போட்டனான்," என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார். கேட்கவே பாவமாக இருப்பதால் நான் கேட்பதையே விட்டுவிட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். மடுவிலிருந்து வந்த மறுநாள், பெரிய வியாழன். உயிர்த்த ஞாயிறுக்கு முன், சுவாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்காகச் சனம் வரிசையில் நின்றது. சூசையின் பாவசங்கீர்த்தனம் ஊரறிந்தது. முழங்காலில் நின்ற வேகத்தில் எழுந்து வருவார். அன்றைக்கு உள்ளே போனவர் வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு வாங்குகளில் அமர்ந்தார்கள், பிறகு அவருக்குச் சுகமில்லையோ என்று என்னிடம் கேட்டார்கள். கடைசியாக வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வீடு வரும்வரை பொறுத்தேன். பிறகு கேட்டேன்.

"அவ்வளவு நேரம் என்ன சொன்னவர் சுவாமி?"

"அவர் நல்ல மனிசன். 'பயப்பிடாதேங்கோ, ஆண்டவர் இரக்கமுள்ளவர்' எண்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனியள்?"

சூசை சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"'அது எனக்குத் தெரியும் சுவாமி. ஆனா இந்தப் பயம் எனக்கு நேற்றுத்தான் வந்தது. நல்லாயிருக்கு. கொஞ்சக் காலம் இருக்கட்டும், விடுங்கோ' எண்டனான்."